லூர்து மதினி பேச்சை நிறுத்திய இடம்

என் பிரியமுள்ள லூர்து மதினிக்கு,

வருகிற வியாழனோடு நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. பூசைக்குச் சொல்லியாயிற்று. உங்கள் படத்துக்குச் சட்டம் போட அண்ணன் வத்தலக்குண்டு வரைக்கும் போய் வந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் கண்ணாடியில் கீறல். இன்றைக்குத் திரும்பவும் போயிருக்கிறார். ஸ்டெல்லா ஆயக்குடியிலிருந்து ஒரு கூடைக் கொய்யாவோடு நேற்றே வந்துவிட்டாள். உங்கள் மகளுக்கு மாமியார் வீட்டில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். இந்த வருடம் பூண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது.

பூசை முடிந்ததும் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பங்குச் சாமியார் கேட்கிறார். "நீங்கதானே டீச்சர் இங்க பேச்சுக்காரங்க" என்கிறார். அவர் ஊருக்குப் புதிது. நம் கீழ்ச்சோலையில் பேச்சு என்றால் யார் பெயரைச் சொல்வார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் அய்யம்பாளையத்திலிருந்து எங்கள் சூசை அண்ணனைக் கட்டி மலையேறி வந்தபோது நம் இருவருக்கும் ஒரே வயது. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வாரம் முழுக்க அங்கே, சனி ஞாயிறு வீட்டில். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அலமாரி நிறைய வாங்கி வைத்தவள். மேடையில் ஏறினால் ஒரு இடத்தில்கூடத் தட்டாமல் பேசுவேன். அந்தப் பெருமையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் பேசினாலும், அவர்கள் தேவையில்லாமல் இடையில் போடுகிற வார்த்தைகளை மனசுக்குள் எண்ணுவேன். அதற்கு விரல்களை மடக்குவேன்.

உங்களிடம் என் விரல்கள் போதவில்லை. "நான் வந்து காலையில வந்து தோட்டத்துக்கு வந்து போயிட்டு வந்தேங்க" என்பீர்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "லூர்து ஒரு பேச்சு பேசி முடிக்கிறதுக்குள்ள எத்தனை பேரு வந்துட்டாங்க, எல்லாருக்கும் சோறு பொங்கு" என்பார். ஊர்ப் பிள்ளைகள் உங்களுக்கு வந்தக்கா என்று பட்டப் பெயர் வைத்தார்கள். நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

கீழ்ச்சோலைக்கு அன்றைக்கு ரோடு கிடையாது. உருளைக்கிழங்கு மூட்டையாகட்டும், நோயாளியாகட்டும், வட்டக்கானல் வரைக்கும் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் தூக்கித்தான் போக வேண்டும். அதன் பிறகுதான் வண்டி. எழுபத்தாறோ எழுபத்தேழோ, ஒரு பெரிய அதிகாரி கொடைக்கானலுக்குக் குறை கேட்க வருகிறார் என்று சொல்லி, ஊர் சார்பாகப் பேச என்னை அனுப்பினார்கள். நான் பதினைந்து நாள் தயார் செய்தேன். "மலைகளின் இளவரசியாம் கொடையின் மடியில் தவழும் எங்கள் சிற்றூர்" என்று ஆரம்பித்தேன். கூடமே கை தட்டியது. அந்த அதிகாரியும் தட்டினார். உங்கள் தமிழ் அருமையாக இருக்கிறது, எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று விசாரித்தார். மனுவை வாங்கி அடுக்கில் வைத்துக்கொண்டார். அந்த மனுவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அந்த வருடத்து ஐப்பசியில்தான் முருகாயி போனாள்.

நம் பக்கத்து வீட்டு சின்னச்சாமியின் மனைவி. மூன்றாவது பிள்ளைக்கு வலி எடுத்தது. நாட்டு மருத்துவச்சி தன்னால் ஆகாது என்று கையை விரித்தாள். சனிக்கிழமை காலை எட்டு மணி, விடாத மழை. கம்பளியில் படுக்க வைத்து, கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் சின்னச்சாமியும் அண்ணனும், பின்னால் வேறு இரண்டு பேர். முகத்தில் மழை விழாமல் மேலே ஒரு சாக்கைப் போர்த்தினீர்கள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நடந்தீர்கள். பாதை குறுகுகிற இடங்களில் சரிவில் இறங்கி, புதரைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்களாம். அண்ணன் பிறகு சொன்னார். நான் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

அன்று சாயங்காலம் நனைந்த சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்து நீங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள். தோள் மாற்ற முதல் இடத்தில் இறக்கி வைத்தது, இரண்டாவது இடத்தில் இறக்கி வைத்தது, எல்லாம் சொன்னீர்கள். மூன்றாவது இடம் வந்ததும், "அங்க வந்து... வந்து... அப்புறம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்" என்று முடித்துவிட்டீர்கள். பிறகு யார் கேட்டாலும் அதே இடத்தில் அதே போல்தான் முடித்தீர்கள். அது உங்கள் பேச்சுப் பழக்கம் என்று நினைத்தேன் மதினி.

அடுத்த வருடம் திரும்பவும் குறை கேட்கும் நாள் வந்தது. அதிகாரி மாறியிருந்தார். நான் தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆனால் ஊர்க் கூட்டத்தில் பெரியவர் கருப்பையா மெதுவாகச் சொன்னார். டீச்சர் நன்றாகத்தான் பேசினாங்க, குறை சொல்ல முடியாது, ஆனால் இந்தத் தடவை முருகாயி பக்கத்துல நடந்தவங்க பேசினால் தேவலை என்றார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் கதவு ஓரமாக நகர்ந்தீர்கள். "நான் பேசுனா சிரிப்பாங்க. பட்டணத்து ஆளுங்க முன்னாடி வந்தக்காவா நிக்கணுமா?" என்றீர்கள். அன்றைக்குத்தான் அந்தப் பட்டப் பெயர் உங்களுக்கு வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

நான் பழக்கிவிடுகிறேன் என்று முன்வந்தேன். ஆறு சனிக்கிழமை இருந்தது. நீங்கள் பட்டாணி உரித்துக்கொண்டே பேசுவீர்கள். ஒவ்வொரு வந்துவுக்கும் நான் ஒரு பட்டாணித் தோலை எடுத்து உங்கள் முன்னால் போடுவேன். முதல் நாள் குவியல் உங்கள் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அடுத்த வாரம் "வந்து" குறைந்தது, அந்த இடத்தில் "இந்த" வந்து உட்கார்ந்தது. அதைத் துரத்தினால் "என்னன்னா" வந்தது. மூன்றாவது வாரம் உங்களுக்குப் பேச்சே எழும்பவில்லை. வாயைத் திறப்பதும் என் கையைப் பார்ப்பதுமாக இருந்தீர்கள். கடைசியில் தட்டைக் கீழே வைத்தீர்கள். "கழுதைக்கு ரெண்டு முன்னங்காலையும் கட்டிப்போட்டு மலையேறுங்குற. எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கு" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

நான் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் வந்து பையை இறக்கி வைக்கும் முன்பே நீங்கள் ஆரம்பித்தீர்கள். வாரம் முழுக்க உங்களையே கவனித்தீர்களாம். பூண்டுப் பாத்தியில் ஸ்டெல்லாவிடம் பேசும்போது ஒரு வந்துகூட வரவில்லையாம். மூட்டை சுமக்கிற கழுதையைத் திட்டும்போது வரவில்லையாம். அண்ணனிடம் வந்ததாம். என்னிடம் அதைவிட அதிகமாக வந்ததாம்.

"அது எதுக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன் ஜெசிந்தா. நான் கொஞ்சம் நிறுத்துனா நீங்கள்லாம் பேசிருவீங்க. என் பேச்சு என் கையை விட்டுப் போயிரும். அதான் விடாம ஒண்ணைப் போட்டுப் பிடிச்சு வச்சிக்கிறேன்."

வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தச் சொற்களை அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனுஷி தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுகிற முள்வேலி அது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வேலி யாருக்குப் பயந்து போட்டது? எனக்குத்தானே?

அன்றைக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். இனிமேல் தோல் போட மாட்டேன், நடுவில் பேசவும் மாட்டேன், எவ்வளவு நேரமானாலும் சரி என்றேன். நீங்கள் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டீர்கள். நானும் மூடிக்கொண்டேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. அடுப்பில் வேர்க்கட்டை வெடித்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு அடுத்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். அது முந்தியதைவிட நேராக இருந்தது. எனக்குக் கை மயிர் நின்றது மதினி. உங்களிடம் அப்போது சொல்லவில்லை.

அந்த வாரமே என் பழைய பேச்சைப் படித்துக் காட்டச் சொன்னீர்கள். படித்தேன். இளவரசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டீர்கள். "இளவரசிக்கு எதுக்கு ரோடு, பல்லக்குல போகச் சொல்லுன்னுருவாரு அய்யா" என்றீர்கள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ வந்துன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. ஆனா இதெல்லாமே வந்துதானே?" என்றீர்கள். கேலியாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள். அந்தத் தாளை அன்றே அடுப்பில் போட்டேன். உங்களுக்குத் தெரியாது.

கூட்டத்தன்று வெள்ளனே எழுந்து நடந்தோம். கூடத்தில் நூறு பேருக்கு மேல். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று குமாஸ்தா கண்டிப்பாகச் சொன்னார். உங்களுக்கு முன்னால் பேசிய வியாபாரி ஒருவர் "அதாவது, எதுக்குச் சொல்ல வரேன்னா" என்றே பத்து நிமிடம் ஓட்டினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு ஒரு அடி தள்ளியே நின்றீர்கள். உங்கள் கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"என் பேரு லூர்தம்மா. கீழ்ச்சோலைங்க" என்றீர்கள். நிறுத்தினீர்கள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

முருகாயி யார், எத்தனை மணிக்கு வலி எடுத்தது, யார் யார் தூக்கினார்கள், எங்கே முதலில் இறக்கி வைத்தீர்கள் என்று சொன்னீர்கள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடினீர்கள். எடுத்து வைத்த கால் ஊன்றுகிற வரைக்கும் அடுத்த காலை எடுக்காமல் பாதையில் ஏறுவோமே, அப்படி இருந்தது. "வந்து" ஒன்றுகூட இல்லை. நான் மடக்க விரலை நீட்டி வைத்துக்கொண்டு, அதை மறந்தே போனேன்.

"மூணாவது எடத்துல" என்றீர்கள்.

அங்கே நின்றுவிட்டீர்கள். வழக்கமாகத் தடுமாறுகிற இடம் இதுதான், மறந்துவிட்டது, எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். யாரோ இருமினார்கள். குமாஸ்தா அடுத்த பெயரைப் படிக்க வாயெடுத்தார். அதிகாரி கையைத் தூக்கி அவரை அடக்கினார். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு நேரம் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் இருந்த கூடத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. கோவிலில்கூட நான் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை.

"அதுவரைக்கும் என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. மூணாவது எடத்துல விட்டுட்டா. நான் தூக்குனவங்ககிட்டச் சொல்லல. சொன்னா அதுக்கு மேல தூக்க மாட்டாங்க. வயித்துப் பிள்ளையாச்சும் பொழைக்கும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையைப் பிடிச்சிக்கிட்டே போனேன்."

கொஞ்சம் நிறுத்தி, "ஜீப் போற அளவுக்கு ரோடு வேணுங்க" என்றீர்கள். கும்பிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

யாரும் கை தட்டவில்லை. அதுவரைக்கும் எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது. ஒரு வருடம் அதை வந்து, வந்து என்று மூடி வைத்திருந்தீர்கள். முன்கம்பைச் சுமந்த சின்னச்சாமி நமக்கு இரண்டு வரிசை தள்ளித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்துப்போன மனைவியை உயிரோடு இருக்கிறாள் என்று நம்பித் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். வெளியே வந்ததும் அவர் நம்மிடம் நடந்து வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவர் உங்கள் முன்னால் நின்றார். "நல்லவேளை சொல்லலக்கா. சொல்லியிருந்தா நான் அந்த எடத்தை விட்டு எந்திரிச்சிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மழைக்குக் கூட ஒதுங்காமல் நடந்து போனார்.

மதினி, இங்கே ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். நீங்கள் இருக்கும்போது சொல்லத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலம், நனைந்த சேலையோடு அடுப்படியில் நீங்கள் அதைச் சொல்ல முடியாமல் திணறியபோது, முந்தானைக்குள் என் விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பிணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தவள் வாயைத் திறக்கிறாள், நான் அவளுடைய தப்பை எண்ணினேன். நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருந்தும் என்னிடம் பட்டாணி உரிக்க உட்கார்ந்தீர்களா?

அந்த அதிகாரி மறுநாளே பாதையில் நடந்து கீழே வந்தார். ஷூ வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது இடம் எது என்று உங்களிடம் கேட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றார். ஆள் விட்டு அளந்து கல் நட்டார்கள். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதியவர் வந்தார். முருகாயி கதையைத் திரும்பவும் சொல்லுங்கள் என்று ஊரே உங்களைக் கெஞ்சியது, நானும்தான். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவை சொன்னேன், அது நடந்தது. மறுபடி சொன்னா அது பேச்சாயிரும்" என்றீர்கள். நான் எத்தனை மேடை ஏறியிருக்கிறேன்! இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

புதியவரிடம், "போன வருசம் அளந்தீங்க. கல்லு நட்டீங்க. கல்லு நிக்குது" என்று மூன்றே வாக்கியம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவருக்கு அடுத்து வந்தவரிடமும் அப்படித்தான். இவ்வளவு போதுமா என்று எனக்குப் பதைக்கும். உங்களுக்குப் பதைத்ததே இல்லை. நாலாம் வருடம் பாறைக்கு வெடி வைத்தார்கள். ஐந்தாம் வருடம் முதல் ஜீப் ஆடி ஆடி இறங்கி வந்து நம் வீட்டு வாசலில் நிற்கிற புளிச்சிமரத்துப் பக்கம் நின்றது.

இதையெல்லாம் கேட்டால் நீங்கள் பெரிய பேச்சாளியாகிவிட்டீர்கள் என்று புதுச் சாமியார் நினைத்துக்கொள்வார். வீட்டில் நீங்கள் கடைசி வரைக்கும் "குழம்புக்கு வந்து உப்புப் போட்டேனா வந்து" என்றுதான் பேசினீர்கள். ஆனால் அந்தப் பேச்சில் பயம் இல்லை. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி இருந்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் பேச்சுப் போட்டிக்கு வருகிற பிள்ளைகளை முதல் வாரம் எதுவும் திருத்தாமல் கேட்க மட்டும் செய்கிறேன். கோப்பைகள் குறைந்துவிட்டன என்று தலைமையாசிரியைக்கு வருத்தம்.

போன வருடம் ஸ்டெல்லா வீட்டில் மார்வலி என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. நான் பழனி பஸ்ஸைப் பிடித்து வெரசா வந்தும் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. அடக்கத்தன்று பேசச் சொன்னார்கள். குழி ஓரம் நின்று வாயைத் திறந்தேன். "எங்க மதினி வந்து... வந்து..." என்று வந்ததே தவிர வேறு எதுவும் வரவில்லை. திரும்பத் திரும்ப அதே வார்த்தை. ஒருவரும் சிரிக்கவில்லை. கருப்பையா பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, நான் ஏதோ முழுதாகச் சொல்லி முடித்தது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு சேதி. நீங்கள் போனதிலிருந்து சின்னச்சாமி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு வருகிறார். அடுப்படி வாசலில் உட்கார்ந்து, "டீச்சரம்மா, அன்னைக்கு லூர்தக்கா..." என்று ஆரம்பிப்பார். அங்கேயே நின்றுவிடுவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். "ஆமாண்ணே, மதினி மாதிரி யாரு இருக்கா" என்று நானே முடித்து வைத்துக் காப்பியைக் கையில் கொடுத்துவிடுவேன். குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வருடமாக இதுதான் நடக்கிறது. அவர் என்ன சொல்ல வருகிறார் என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

பூசையில் என்ன பேசுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கொடுக்கிறேன். அவர் வருவார். ஆரம்பிப்பார். நின்றுவிடுவார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, பொழுது சாய்ந்தாலும் சரி, அவராகச் சொல்லுகிற வரைக்கும் காத்திருப்பேன்.

உங்கள் நாத்தனார்,
ஜெசிந்தா